சர்வரின் இயங்குதளத்தைப் பதிப்பு உயர்த்தும் முறை

இந்நாளில் மாணவரொருவர் கல்லூரியிற் சேர விண்ணப்பிப்பதும், கட்டணம் செலுத்துவதும், மதிப்பெண் அறிவதும், நூல் நிலையத்தில் இன்ன நூல் உண்டா என்று தேடுவதும் யாவும், பூட்டிய அறையொன்றினுள் இரவும் பகலும் ஓய்வின்றி ஓடும் ஒரு கணிப்பொறியின் துணையினாலேயே நடைபெறுகின்றன. அதற்குச் சர்வர் என்று பெயர். கேட்டார்க்குக் கேட்டதை வழங்குதலின் வழங்கி என்று தமிழ்ப்படுத்துவாரும் உளர். ஆயினும் அலுவலகங்களில் யாவரும் சர்வர் என்றே கூறுதலின் யானும் அவ்வாறே கூறுவேன். சிற்றுண்டிச்சாலையில் இட்டலி கொணர்பவருக்கும் நாம் இப்பெயரையே வழங்குகின்றோம். இருவர் தொழிலும் ஏறக்குறைய ஒன்றே. நன்றாய்ப் பணி செய்யுங்காறும் இருவரையும் ஒருவரும் நினைப்பதில்லை.

இப்பொறியின் உறுப்புக்களுக்கும் அதன்மேல் ஓடும் பலவகைச் செயலிகளுக்கும் இடையே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டும், வட்டில் கோப்புக்களைக் காத்தும், வலையின் வழியாய் வருவோரை வரவேற்றும் எல்லாவற்றையும் ஆளுவது இயங்குதளம். இயங்குதளங்கள் பலவாயினும், பொதுப்படப் பேசின் பயன் குறையும் ஆதலின், யான் நன்கு பழகிய டெபியன் என்பதொன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். பர்டியூ பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் மர்டாக் என்பவர் 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி அறிவித்த இயங்குதளம் இது. தமக்கு அன்பிற்குரிய டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் இதற்கு இப்பெயரிட்டார். ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை இதன் புதுப்பதிப்பு வெளிவரும். பதிப்புக்களுக்கு டாய் ஸ்டோரி என்னும் படத்தில் வரும் பொம்மைகளின் பெயர்களை இடுவது வழக்கம். 2023-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி வெளிவந்த 12-ஆம் பதிப்பின் பெயர் புக்வோர்ம். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி வெளிவந்த 13-ஆம் பதிப்பின் பெயர் டிரிக்ஸி. முன்னது புத்தகம் படிக்கும் புழு. பின்னது கொம்புடைய நீலநிறப் பழங்கால விலங்கு. புழுவினின்று விலங்காக மாறுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நன்றாய் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தொடுவானேன் என்று வினவுவோர் பலர். யானும் ஒருகால் அங்ஙனம் வினவியவனே. இயங்குதளம் மனிதர் எழுதிய நூல் போன்றது. அதிற் பிழைகள் உள. அப்பிழைகளுட் சில, தீயோர் உட்புகும் வாயில்களாகும். வாயில் கண்டுபிடிக்கப்பட்டவுடன் அதனை அடைக்கும் திருத்தத்தை ஆசிரியர் வெளியிடுவர். திருத்தத்தை ஏற்றுக்கொள்ளாதவனுடைய நிலை முன்னிலும் மோசமாகும். என்னையெனின், வாயில் இன்ன இடத்தில் உள்ளது என்பது அத்திருத்தத்தினாலேயே ஊரறிந்த செய்தியாகிவிடுகின்றது. விண்டோஸ் இயங்குதளத்திலிருந்த ஒரு குறைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் தேதி திருத்தம் வெளியிட்டனர். அதை ஏற்றுக்கொள்ளாத பொறிகளில் அவ்வாண்டு மே 12-ஆம் தேதி வான்னாகிரை என்னும் தீநிரல் புகுந்து பரவிற்று. இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவமனைகளை நடத்தும் அமைப்புக்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அதனால் இடையூறுற்றது. நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. திருத்தம் வந்து இரண்டு மாதம் கழிந்திருந்தது என்பதைக் கருதுக.

பழம்பதிப்புக்குத் திருத்தம் எக்காலமும் வந்துகொண்டிராது. டெபியன் 12-க்கு முழுத் திருத்தங்கள் 2026-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி வரையும், அதன்பின் நெடுநாள் ஆதரவு என்னும் பெயரால் சுருங்கிய அளவில் 2028-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி வரையும் என வரையறை செய்யப்பட்டது. இத்தகைய வரையறைகளையும் கண்மூடி நம்புதல் கூடாது. சென்டோஸ் என்னும் இயங்குதளத்தின் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டென்று எண்ணிப் பலர் தம் சர்வர்களில் அதனை நிறுவியிருந்தனர். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில், 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதியோடு அது முடிவுறும் என்ற அறிவிப்பு வந்தது. எட்டாண்டு ஓராண்டாகச் சுருங்கியது. பதிப்பு உயர்த்துவது என்றோ ஒருநாள் நேரும் விபத்தன்று, குறித்த காலத்துச் செய்யும் வேலை என்று பழகியிருந்தோர் அன்று அலமரவில்லை.

நிற்க. இவ்வேலையைத் தொடங்கும் மாணவர் என்னிடம் முதலிற் கேட்பது, எக்கட்டளையைத் தட்டெழுதவேண்டும் என்பதே. கட்டளைகள் நான்கைந்துக்கு மேலில்லை. ஐந்து நிமிஷத்தில் எழுதிவிடலாம். முதலிற் கேட்கவேண்டியது வேறு. பாதி வழியிற் பழுது நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி யாது? அவ்வழியில் ஒருமுறையேனும் நடந்து பார்த்ததுண்டா? டெபியனில் 12-லிருந்து 13-க்கு ஏற வழியுண்டேயன்றி, 13-லிருந்து 12-க்கு இறங்க வழியில்லை. இறங்க விரும்புவோன் பழைய நிலையின் முழுப்பிரதியொன்றை முன்னரே எடுத்து வேறிடத்தில் வைத்திருத்தல் வேண்டும். பேக்கப் என்று வழங்கும் அக்காப்புநகலே இவ்வேலையின் உயிர்நிலை. இதனை யான் நூலிற் படித்தறிந்தேனல்லேன்.

யான் முன்னொருகால் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், உதவித்தொகை பெறும் மாணவரின் விவரங்கள் யாவும் போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸில் வைக்கப்பெற்றிருந்தன. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சனிக்கிழமை மாலை அச்சர்வரை டெபியன் 11-லிருந்து 12-க்கு உயர்த்தினேன். இயங்குதளம் யாதொரு தடையுமின்றி உயர்ந்தது. எஞ்சியது டேட்டாபேஸ் ஒன்றே. 11-ஆம் பதிப்பில் போஸ்ட்கிரெஸ் 13. 12-ஆம் பதிப்பில் போஸ்ட்கிரெஸ் 15. உயர்த்தி முடிந்தவுடன் இரண்டும் அருகருகே இருக்கும். மாணவரின் விவரம் அனைத்தும் பழைய 13-இல் இருக்க, 15 வெற்று மனையாய் நிற்கும். வெற்று மனையை நீக்கிவிட்டு, பழையதைப் புதியதாக மாற்றும் கட்டளையை இடவேண்டும் என்பது விதி. யான் 15 என்று எழுதவேண்டிய இடத்தில் 13 என்று எழுதி எண்டர் விசையை அழுத்தினேன். சர்வர் ஒரு கேள்வியும் கேளாமல் ஏவியபடி செய்தது.

அப்போதும் யான் பெரிதும் அஞ்சவில்லை. இரவுதோறும் இரண்டு மணிக்குக் காப்புநகல் எடுக்கப்படுமாறு ஏற்பாடு இருந்தது. வேறொரு பொறியிலுள்ள அக்கோப்புறையைத் திறந்தேன். தேதிவாரியாய்க் கோப்புக்கள் ஒன்று தவறாமல் வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றின் அளவும் 20 பைட். ஒன்றுமில்லாததை ஜிஜிப் கொண்டு சுருக்கினால் கிடைக்கும் கோப்பின் அளவு அதுவே. ஐந்து மாதங்களுக்கு முன்னர் டேட்டாபேஸின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தோம்; நகலெடுக்கும் நிரலில் பழைய சொல்லே இருந்தது. நகலெடுக்கும் கட்டளை இரவுதோறும் உட்புக இயலாமல் திரும்ப, அதன் வாயிலாய் வந்த வெறுமையைச் சுருக்கும் கட்டளை செவ்வனே சுருக்கி, வேலை முடிந்தது என்று அறிவித்துக்கொண்டிருந்தது. இரு கட்டளைகளைக் குழாய் போல் இணைக்குங்கால், கடைக் கட்டளையின் முடிவையே சர்வர் முழுவேலையின் முடிவாகக் கொள்ளும். முன்னது தவறினும் பின்னது வென்றால் வெற்றியே. வேறுவிதமாய்க் கூறுமாறு பணித்தாலன்றி இதுவே அதன் இயல்பு.

ஐந்து மாதத்துப் பதிவுகளைக் காகித விண்ணப்பங்களினின்று எழுத்தர் மூவரும் யானும் பன்னிரண்டு நாள் தட்டெழுதினோம். காகிதத்தில் இல்லாதவை, தொலைபேசியிற் கேட்டுத் திருத்தியவை, மீளவில்லை. அவற்றுளொன்று ஒரு மாணவி வங்கிக் கணக்கை மாற்றிக் கொடுத்த செய்தி. அவளுக்குரிய தொகை மூடிய கணக்குக்குச் சென்று திரும்பி, தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைநாள் கழிந்தபின் அவள் கைக்கு எட்டியது. கட்டணத்தை அலுவலக நண்பர் ஒருவர் கொடுத்துதவினார். அம்மாணவி என்னை ஒரு சொல்லும் கூறவில்லை. யான் செய்த பிழை என்பதே அவளுக்குத் தெரியாது.

இத்தகைய பிழை என்னைப் போன்றோர்க்கே நேரும் என்று கருதற்க. கிட்லேப் என்னும் நிறுவனம் உலகெங்குமுள்ள நிரலாளரின் நிரல்களைக் காத்துத் தருவது. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி அங்குள்ள பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் நீக்கவேண்டிய டேட்டாபேஸ் கோப்புறையை முதன்மைச் சர்வரில் நீக்கிவிட்டார். உணர்ந்து நிறுத்துமுன் ஏறக்குறைய 300 ஜிகாபைட் 4.5 ஜிகாபைட்டாய்க் குறைந்தது. காப்புநகலைத் தேடினர், அந்நகல்கள் எடுக்கப்படவேயில்லை. அவர்தம் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, நகலெடுக்கும் கருவியோ 9.2. பழைய கருவி புதிய டேட்டாபேஸைத் தொட மறுத்து ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டது. தவறியதை அறிவிக்கும் மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டமையால் ஒருவரும் அறிந்திலர். சோதனைக்கென்று ஒரு பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் தம் கையால் எடுத்துவைத்த ஒரு பிரதி தற்செயலாய் இருந்தமையின், ஆறு மணி நேரத்து இழப்போடு தப்பினர். நடந்ததை ஒளியாமல் அவர்கள் உலகறிய எழுதி வெளியிட்டனர். அதனால் நாம் இன்று படித்தறிகின்றோம். டேட்டாபேஸின் பதிப்பு உயர்ந்தும் நகலெடுக்கும் கருவியின் பதிப்பு உயராது நின்றதே அக்கேட்டின் வேர் என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

ஆதலின் காப்புநகல் உண்டா என்று கேட்டு நிறுத்தற்க. அதனைக்கொண்டு வேறொரு பொறியில் சர்வரை மீட்டமைத்துக் காண்க. தனிப்பொறி இல்லாதோர் ஒரு கணிப்பொறிக்குள் இன்னொன்றைப் போலச் செய்யும் மெய்நிகர் பொறியை அமைத்துக்கொள்ளலாம்; பொருட்செலவு சிறிது. மீட்டமைத்த அப்பிரதியிலேயே பதிப்பு உயர்த்தும் வேலையை முதலிற் செய்துபார்த்தல் வேண்டும். இதனால் இரு பயன் உள. காப்புநகல் மெய்யானதா என்பது வெளியாகும். உயர்த்துங்கால் எவ்வெவ் வினாக்கள் எழும், எத்தனை மணி பிடிக்கும், எச்செயலி முறியும் என்பன அஞ்சாமற் கண்டறியப்படும். ஒத்திகையில் எழுந்த ஒவ்வொரு வினாவையும், அதற்குக் கொடுத்த விடையையும், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. பேனாவாற் காகிதத்தில் எழுதுதலே நன்று. சர்வர் படுத்துவிட்டால் சர்வரிலுள்ள குறிப்பைப் படிக்க முடியாதன்றோ?

ஒத்திகைக்கு முன்னரோ பின்னரோ அன்றி, ஒத்திகையின்போதே பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டிய ஒன்று உண்டு. டெபியனார் ஒவ்வொரு பதிப்புடனும் வெளியிடும் வெளியீட்டுக் குறிப்பு அது. அதன் ஐந்தாம் அதிகாரத்தில், உயர்த்துவோர் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடங்கள் கூறப்பட்டுள. மாணவர் இதனைப் படிப்பதில்லை, நெடிது என்பர். பத்து நிமிஷம் படிக்கச் சோம்பிப் பத்து மணி நேரம் விழித்திருப்பாரை யான் கண்டிருக்கின்றேன். 13-ஆம் பதிப்பின் குறிப்பிலிருந்து சிலவற்றை மாத்திரம் காட்டுகின்றேன். 32-பிட் இன்டெல் வகையைச் சேர்ந்த பழம்பொறிகளுக்கு இனிக் கெர்னல் இல்லை. ஆதலின் அத்தகைய பொறியை 13-க்கு உயர்த்தவே கூடாது. தொலைவிலிருந்து உட்புக உதவும் எஸ்எஸ்எச், டிஎஸ்ஏ என்னும் பழைய வகைச் சாவிகளை முற்றிலும் கைவிட்டது; அச்சாவியையே நம்பியிருப்போன் தன் வீட்டுக்கு வெளியே தானே நிற்பான். தற்காலிகக் கோப்புக்களை வைக்கும் டெம்ப் என்னும் கோப்புறை இனி வட்டிலன்றி நினைவகத்தில் அமையும். மறுதொடக்கம் செய்தால் அதிலுள்ளவை மறையும். சிலர் முக்கியமான கோப்புக்களை அங்கே போட்டுவைக்கும் வழக்கமுடையர். கெர்னலை வைக்கும் பூட் பகுதியில் ஏறக்குறைய 300 மெகாபைட் இடம் வெற்றிடமாய் இருத்தல் வேண்டும் என்பதும் கூறப்பட்டுள்ளது. பழைய நாளில் நிறுவிய சர்வர்களில் அப்பகுதி முழுதும் அவ்வளவு பெரிதாயிருப்பதில்லை. பழைய கெர்னல்களை நீக்கி இடம் செய்யலாம். ஆயின் இப்போது ஓடும் கெர்னலையும் அதற்கு முன்னதையும் விட்டுவைக்க.

நாம் எழுதிய செயலிகள் நம்மால் ஆராயப்படவேண்டியவை. குறிப்பு அவற்றை அறியாது. 12-இல் பைத்தான் 3.11 இருந்தது, 13-இல் 3.13. இவ்விடைவெளியில் சிஜிஐ முதலிய சில பழைய தொகுதிகள் பைத்தானினின்று நீக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுக்கு முன் ஒருவர் எழுதிவைத்துச் சென்ற சிறு படிவம் அத்தொகுதியை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். உயர்த்திய மறுநாட் காலையில் நிற்கும். தனித்தனிச் சூழல் அமைத்து நிறுவிய பைத்தான் செயலிகளையும் மீண்டும் நிறுவவேண்டும். பிஎச்பி 8.2 போய் 8.4 வரும். இவையெல்லாம் ஒத்திகையில் ஒன்றன்பின் ஒன்றாய் முறியும். அங்கே முறிவது நன்று.

இனி வேலைநாளைப் பற்றிக் கூறுவேன். நாளைத் தேர்வதில், தேர்வு முடிவு வெளியாகும் வாரமும் கட்டணம் செலுத்தும் கடைவாரமும் ஆகா. வெள்ளிக்கிழமை மாலை பலருக்கு உவப்பு, எனக்கு உவப்பன்று. பழுது நேரின் சனி, ஞாயிறுகளில் கேட்பதற்கு ஆள் இரார். வேலையைத் தொடங்குமுன் சர்வரைப் பயன்படுத்துவோர்க்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை அது நிற்கும் என்று அறிவித்து, அந்நேரத்தில் புதுப்பதிவு எதுவும் புகாவண்ணம் செயலியை நிறுத்திவிட்டு, அதன்பின்னரே கடைசிக் காப்புநகலை எடுக்கவேண்டும். இதனைப் பலர் சிந்திப்பதில்லை. நகலெடுத்தபின் பதிவுகள் புகுந்துகொண்டேயிருந்தால், பழைய நிலைக்குத் திரும்புதல் என்பது அப்பதிவுகளை எறிவதாகும். மெய்நிகர் பொறியில் ஓடும் சர்வராயின் அப்பொறியின் நிலைப்படம் ஒன்றை நொடியில் எடுக்கலாம். திரும்புவதற்கு அதைப்போல் எளிய வழி இல்லை. ஆயின் நிலைப்படம் அதே வட்டில் கிடப்பது. வட்டு கெட்டால் இரண்டும் கெடும். அதனைக் காப்புநகலாகக் கொள்ளற்க.

திரும்பும் நேரத்தையும் முன்னரே வரையறுக்க. ஒத்திகையில் மூன்று மணி பிடித்தது, மீட்டமைக்க இரண்டு மணி பிடித்தது, அலுவலகம் காலை ஒன்பதுக்குத் திறக்கும் என்று கொள்வோம். அங்ஙனமாயின் ஆறு மணிக்கு மேல் முன்னோக்கிப் போராடுதல் கூடாது. ஏழுக்குள் மீட்டமைக்கத் தொடங்கிவிட வேண்டும். இரவு நான்கு மணிக்கு மனிதனுக்கு வரும் நம்பிக்கை பொல்லாதது. இன்னும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று அது ஒவ்வொரு பத்து நிமிஷமும் கூறும்.

தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே வேலை செய்வோர், அவ்வழி அற்றுப்போனால் உட்புக வேறு வழி வைத்திருத்தல் வேண்டும். பொறியின் அருகே திரையும் விசைப்பலகையுமாய்ச் சென்று அமர்தல் ஒரு வழி; வாடகைச் சர்வராயின் அதனை அளிப்போர் தரும் கன்சோல் ஒரு வழி. வலையட்டையின் பெயர் புதிய கெர்னலில் மாறிச் சர்வர் வலையிலிருந்து மறைந்துபோவதும் சிலபோது உண்டு. 12-இன் பிந்திய திருத்தங்களை ஏற்றுக்கொள்ளாமல் 13-க்கு உயர்த்தும்போது இடையில் தொடர்பு அற்றால், எஸ்எஸ்எச் வழியே மீண்டும் புக இயலாமற் போகலாம் என்றும் வெளியீட்டுக் குறிப்பு எச்சரிக்கின்றது. டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் என்னும் கருவிக்குள் நின்று வேலை செய்தால், நம் பக்கத்துத் தொடர்பு அற்றாலும் சர்வரில் வேலை தொடர்ந்து நடக்கும். திரையில் ஓடுவதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைக்கும் ஸ்கிரிப்ட் என்னும் கட்டளையையும் முதலிலேயே இடுக.

உயர்த்தும் வேலை பின்வருமாறு நடைபெறும். முதலில் 12-ஐ 12-ஆகவே கடைசித் திருத்தம் வரை கொண்டுவருக. 11-இல் நிற்போர் 12-ஐத் தாண்டி 13-க்குக் குதித்தலாகாது. ஒவ்வொரு படியாகவே ஏறவேண்டும். பின்னர், மாறாதபடி கட்டிவைத்த பாக்கேஜ்கள் உளவா, டெபியனல்லாத பிற இடங்களினின்று வந்த பாக்கேஜ்கள் உளவா எனப் பட்டியலிட்டுக் காண்க. பெரும்பாலான இடர்கள் அப்பிறவிடத்துப் பாக்கேஜ்களாலேயே விளைகின்றன. அதன்பின் பாக்கேஜ்கள் வரும் மூலத்தைக் குறிக்கும் கோப்பில் புக்வோர்ம் என்றிருப்பதை டிரிக்ஸி என மாற்றி, ஆப்ட் கொண்டு பட்டியலைப் புதுப்பித்து, முதலில் புதிய பாக்கேஜ் எதனையும் சேர்க்காத சிறிய உயர்த்தலையும், அடுத்து முழு உயர்த்தலையும் செய்யவேண்டும். முழு உயர்த்தலுக்கு முன் நீக்கப்படுவன இவை என்று ஆப்ட் ஒரு பட்டியல் காட்டி, ஆமா, இல்லையா என்று கேட்கும். அங்கே விரலை எடுத்துக்கொண்டு, அப்பட்டியலை வரிவரியாய்ப் படிக்க. நமக்கு வேண்டிய டேட்டாபேஸோ அஞ்சற் செயலியோ அதில் இருப்பின் இல்லை என்று கூறிக் காரணம் தேடுக.

நடுவே, நாம் கையால் திருத்திய அமைப்புக் கோப்பு ஒன்று உள்ளது, பாக்கேஜுடன் புதிய கோப்பும் வந்துள்ளது, எதனை வைத்துக்கொள்வது என்ற வினா எழும். ஒத்திகை செய்தோர்க்கு விடை குறிப்பேட்டில் இருக்கும். செய்யாதோர் ஐயுறின் பழையதையே வைத்துக்கொள்க. கேளாமல் எண்டர் அழுத்தினாலும் அதுவே நிகழும். புதியது பக்கத்தில் வேறு பெயரோடு வைக்கப்படும். பின்னர் ஆற அமர ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆயினும் பழைய கோப்பிலுள்ள கட்டளைகள் சிலவற்றைப் புதிய செயலி அறியாதிருக்கலாம். எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பாயின், மறுதொடக்கத்துக்கு முன் அது பிழையற்றதா என்று சோதிக்கும் கட்டளையை இட்டுப் பார்த்துவிடுதல் நன்று.

முடிந்தபின் மறுதொடக்கம் செய்க. சர்வர் மறைந்து மீண்டும் தோன்றும் அந்த இரண்டு மூன்று நிமிஷம் எனக்கு இன்றும் நீண்டதாகவே இருக்கின்றது. தோன்றியபின், தொடங்காது தவறிய சேவைகள் எவை என்று சிஸ்டம்டியைக் கேட்டுப் பட்டியல் பெறுக. பட்டியல் வெறுமையாயிருப்பது போதாது. மாணவராய் உட்புகுந்து ஒரு படிவத்தை நிரப்பிப் பார்க்க; எழுத்தராய் உட்புகுந்து அதனைத் தேடிப் பார்க்க; ஒரு மின்னஞ்சலை அனுப்பி அது வந்து சேர்ந்ததா என்று பார்க்க; நகலெடுக்கும் நிரலைக் கையால் ஒருமுறை ஓட்டி, வந்த கோப்பின் அளவைப் பார்க்க.

டேட்டாபேஸைப் பற்றித் தனியே சிறிது கூறவேண்டும். 12-இல் போஸ்ட்கிரெஸ் 15, 13-இல் 17. இயங்குதளம் உயர்ந்தபின்னும் நம் தரவு 15-இலேயே கிடக்கும். கிளஸ்டர்களைப் பட்டியலிடும் கட்டளை ஒன்றுண்டு. எது எந்தப் பதிப்பு, எந்த வாயிலெண், எந்தக் கோப்புறை என்பதை அது காட்டும். பொதுவாய்த் தரவுள்ள பழையது 5432-இலும், வெற்றுப் புதியது 5433-இலும் நிற்கும். வெற்றதனை நீக்கி, பழையதை மாற்றும் கட்டளையை இட்டால், தரவு முழுதும் 17-க்கு எழுதப்பட்டு 5432 அதற்கு உரியதாகும். பழையது அழியாமல் வேறு வாயிலெண்ணோடு உறங்கும். மரியாடிபி வைத்திருப்போர் வேறொன்று அறிக: உயர்த்துமுன் அதனை ஒழுங்காய் நிறுத்திவிடல் வேண்டும், இடையில் விழுந்து கிடந்த மரியாடிபியைப் புதுப்பதிப்பு நம்பத்தக்கவாறு ஏற்றுக்கொள்ளாது.

அகரவரிசையிலும் ஓர் இடர் ஒளிந்துள்ளது. பெயர்களை விரைந்து தேடுவதற்கு டேட்டாபேஸ் வைத்துள்ள அட்டவணை, எவ்வெழுத்துக்குப் பின் எவ்வெழுத்து வரும் என்னும் விதியை இயங்குதளத்தின் கிளிப்சி நூலகத்தினின்று கேட்டறிந்து அமைக்கப்படுவது. 2018-ஆம் ஆண்டு வெளிவந்த கிளிப்சி 2.28-இல் அவ்விதிகள் பெரிதும் மாறின. அக்காலத்தில் இயங்குதளத்தை மாத்திரம் உயர்த்தி, அட்டவணையைத் திரும்ப அமைக்காதோர்க்கு, உள்ள பெயரையே இல்லை என்று டேட்டாபேஸ் கூறிற்று. ஒரு நூல் நிலையத்தில் நூல்களை வேறொரு வரிசையில் அடுக்கிவிட்டுப் பழைய வரிசைப்படி தேடுவதை ஒக்கும் இது. தரவை முழுதும் புதிதாய் எழுதும் மேற்கூறிய முறையில் அட்டவணையும் புதிதாய் அமையும். கோப்புக்களை அப்படியே கொண்டுசெல்லும் விரைவு முறையைக் கைக்கொள்வோர் அட்டவணைகளைத் திரும்ப அமைக்கும் கட்டளையைத் தவறாது இடுக.

இவ்வளவு சிரமம் எதற்கு, புதிய சர்வர் ஒன்றில் 13-ஐ நிறுவி, செயலிகளையும் தரவையும் அங்கே குடிபெயர்த்துவிடலாகாதா எனின், ஆகும். பொருள் வசதியுள்ள இடங்களில் அதுவே சிறந்தது என்பது என் கருத்து; பழைய வீடு இடிபடாமல் நிற்க, புதுமனை புகலாம். ஆயின் பழைய சர்வரில் பலர் பல காலத்துச் செய்துவைத்த சிறு திருத்தங்கள் எங்கெங்கு உள்ளன என்பது எழுதிவைக்கப்பட்டிருத்தல் வேண்டும். எழுதிவைத்த இடம் ஒன்றையும் யான் இதுகாறும் கண்டிலேன்.

உயர்த்திய பின்னர்ப் பழைய கிளஸ்டரையும் இனி வேண்டாத பாக்கேஜ்களையும் உடனே நீக்கி இடம் செய்யும் ஆசை எழும். இரண்டு வாரம் பொறுக்க. மாதக் கணக்கு முடிப்பது போன்று என்றோ ஒருநாள் மட்டும் ஓடும் வேலையொன்று அதற்குள் ஓடி, தன் குறையைக் காட்டக்கூடும். அதன்பின் நீக்கும் நாள் வரும். நீக்கும் கட்டளையை யான் இப்போது தனித்திருந்து இடுவதில்லை. கிளஸ்டர்களின் பட்டியலைத் திரையில் வரவழைத்து, உடன் பணிபுரியும் இளைஞர் ஒருவரை அருகில் நிறுத்தி, யான் எழுதியுள்ள எண்ணை அவர் உரக்கப் படிக்கக் கேட்டு, அதன் பின்னரே எண்டர் விசையின்மேல் விரலை வைக்கின்றேன்.